ஆளுக்கொரு திறப்பு: கடைக் கணினியில் யார் எதைத் தொடலாம்

பில் அடிக்கும் பிரின்டரின் மூடியைத் தூக்கினால் உள்பக்கத்தில் செலோடேப் போட்டு ஒட்டிய ஒரு கடதாசித் துண்டு இருக்கும். பெயர் ‘கவுன்டர்’, பாஸ்வேர்ட் ‘1234’. அந்த 1234 ஐ ஒருமுறை நீல மையால் வெட்டி, கீழே 12345 என்று எழுதியிருப்பார்கள். காலையில் கடை திறப்பவரும், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் மாற்றி விடுபவரும், இரவு கணக்குப் பார்த்துச் சாத்துபவரும் அந்த ஒரே பெயரில்தான் உள்ளே போகிறார்கள். மட்டக்களப்பு, காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று எனக் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் பில்லிங், கணக்கு மென்பொருள் பொருத்திப் பராமரிக்கும் வேலையில் அடிக்கடி கண்ணில் படுவது இந்தத் துண்டுதான்.

இதனால் முதலில் அடிபடுவது முதலாளி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு ஹார்ட்வெயர் கடையில் பத்துத் தண்ணீர் மோட்டார் குறைகிறது என்று வையுங்கள். பதிவில் ‘கவுன்டர்’ என்று மட்டும் இருக்கிறது. ஐந்து பேர் அந்தப் பெயரில் வேலை செய்திருக்கிறார்கள். சந்தேகம் ஐந்து பேரிலும் விழும். கடைசியில் வெளியே போவது ஆகப் புதிதாகச் சேர்ந்த பொடியன், இல்லாவிட்டால் வீட்டில் கஷ்டம் என்று ஊருக்கே தெரிந்த பிள்ளை. எங்கள் ஊர்களில் ‘அந்தக் கடையில களவெண்டு நிப்பாட்டின ஆள்’ என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் அடுத்த கடையில் வேலை கிடைக்காது. பிறகு உண்மை தெரிய வந்தாலும் அந்தப் பேச்சு அழியாது. தனித்தனிப் பெயரும் தனித்தனித் திறப்பும் நேர்மையாக வேலை செய்கிறவருக்குக் கொடுக்கிற காவல். இதை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துத் தொடங்கிய கடைகளில்தான் முறை நிலைத்து நிற்கிறது.

புது முறை வரப்போகிறது என்றதும் “எங்களில நம்பிக்கை இல்லாமப் போச்சா அண்ணன்?” என்று கேட்பார்கள். காத்தான்குடிக் கடையில் ‘நானா’ என்று வரும், கேள்வி ஒன்றுதான். அதற்கு முதலாளியே வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும், மென்பொருள்காரர் சொல்லிப் பயனில்லை. “வேற ஆள் செய்யிறது உங்கட தலையில விழக்கூடாதெண்டுதான் தம்பி. எனக்கும் ஒரு பேர் இருக்கு, நான் செய்யிறதும் இதில பதியும்” என்று சொல்லி, அன்றைக்கே எல்லோருக்கும் முன்னால் தன் பெயரில் உள்நுழைந்து காட்ட வேண்டும். முதலாளி மட்டும் பழைய பொதுப் பெயரில் தொடர்ந்தால் இரண்டு கிழமைக்குள் எல்லோரும் அந்தப் பொதுப் பெயருக்கே திரும்பிவிடுவார்கள்.

மென்பொருளைத் திறக்குமுன் ஒரு கடதாசி

ஏ4 தாளைக் குறுக்காக வையுங்கள். இடப்பக்கம் ஆட்களின் பெயர். மேலே வேலைகள்: பில் போடுவது, போட்ட பில்லைத் திருத்துவது, ரத்துச் செய்வது, கழிவு கொடுப்பது, விலை மாற்றுவது, விற்ற சாமானைத் திரும்ப எடுப்பது, பற்றுக்குக் கொடுப்பது, பற்றுக் காசு வாங்கிப் பதிவது, கொள்வனவு பதிவது, சப்ளையருக்குப் பணம் கொடுப்பது, கையிருப்பைக் கூட்டிக் குறைப்பது, கொள்விலையும் லாபமும் பார்ப்பது, எக்செலுக்கு எடுப்பது, பழைய திகதி போட்டுப் பதிவது, பெக்கப் எடுப்பது, புது யூசர் உருவாக்குவது. பதினாறு நிரல்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ‘இவர் இதைச் செய்யலாமா’ என்று கேட்டால் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் ஆம் என்றுதான் பதில் வரும். ‘போன மாதம் இவர் இதை எத்தனை தரம் செய்தார்’ என்று கேளுங்கள். பூச்சியம் என்றால் அந்த உரிமை அவருக்குத் தேவையில்லை.

பிறகு அந்தத் தாளில் ஒரே ஆளிடம் சேரக்கூடாத சோடிகளைச் சிவப்பால் வட்டமிடுங்கள். பில் போடுபவரும் ரத்துச் செய்பவரும். புதுச் சப்ளையரின் பெயரை ஏற்றுபவரும் சப்ளையருக்குக் காசோலை எழுதுபவரும். களஞ்சியத் திறப்பு வைத்திருப்பவரும் கையிருப்பு எண்ணிக்கையைத் திருத்துபவரும். பற்றுக் காசு வசூலிப்பவரும் அறவிட முடியாத கடன் என்று வெட்டிவிடுபவரும். மூன்று பேர் மட்டும் உள்ள கடையில் இவ்வளவையும் பிரிக்க முடியாது. அங்கே பிரிக்க முடியாத சோடிகளை ஒரு துண்டில் எழுதி, அவற்றின் அறிக்கையை மட்டும் முதலாளி அன்றன்றே இரவில் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை.

எட்டுப் பத்துப் பேர் உள்ள இடத்துக்கு நான்கைந்து வகைகள் போதும்: காசாளர், மேற்பார்வையாளர், களஞ்சியம், கணக்கு, முதலாளி. உரிமையை வகைக்குக் கொடுத்து, ஆளை வகைக்குள் போடுங்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாக உரிமை கூட்டிக் குறைத்தால் ஆறு மாதத்தில் எது யாரிடம் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாமற் போய்விடும். நோன்புப் பெருநாள், தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்துக்கு எடுக்கும் தற்காலிக ஆட்களுக்குப் பில் போடும் உரிமை மட்டும். யூசரை உருவாக்கும்போதே முடியும் திகதியையும் போட்டுவிடுங்கள். அந்த வசதி மென்பொருளில் இல்லாவிட்டால் சுவர்க் கலண்டரில் அந்தத் திகதியில் ஆளின் பெயரை எழுதுங்கள்.

நெல் ஆலையில் இது எப்படி நடக்கிறது

வேலைப் பிரிப்பை விளங்கிக்கொள்ள அரிசி ஆலையை விட நல்ல இடம் இல்லை. பெரும்போக அறுவடை நேரம் சம்மாந்துறைப் பக்கம் உழவு இயந்திரங்கள் பெட்டியோடு வரிசையில் நிற்கும். நிறை, ஈரப்பதம், விலை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் விவசாயியின் கைக்கு வரும் காசு. இந்த மூன்றையும் ஒரே பொடியன் ஒரே திரையில் தட்டச்சுச் செய்கிறான் என்றால், ஆலைக்காரரும் விவசாயியும் அவன் விரலை நம்பித்தான் நிற்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 14 வீத ஈரப்பதத்தை அடிப்படையாக வைத்துக் கழிக்கும் ஆலையில், 5,000 கிலோ நெல் 18 வீத ஈரத்தோடு வந்தால் 5,000 ஐ 82 ஆல் பெருக்கி 86 ஆல் வகுக்க வேண்டும். 4,767 கிலோவுக்குக் காசு. அதே நெல்லை 16 வீதம் என்று பதிந்தால் 4,884 கிலோ. ஒரு எண்ணை மாற்றியதில் ஏறத்தாழ 116 கிலோ. ஈரத்தைக் குறைத்துப் பதிந்தால் ஆலைக்கு நட்டம், கூட்டிப் பதிந்தால் நாலு மாதம் வயலில் கிடந்த மனிசனின் வயிற்றில் அடி.

ஆகவே தராசில் நிற்பவருக்கு நிறைப் பெட்டி மட்டும் திறக்க வேண்டும். முடியுமானால் தராசின் காட்டியிலிருந்து எண் நேரடியாக மென்பொருளுக்குள் வரும்படி கேபிள் இணைத்துவிடுங்கள். கையால் நிறை பதிவது தனி உரிமையாக மேற்பார்வையாளரிடம் இருக்கட்டும், கையால் பதிந்த சீட்டில் அது கையால் பதிந்தது என்று அச்சாகட்டும். ஈரமானியோடு நிற்பவர் ஈரப்பதத்தை மட்டும் பதிவார். விலை காலையில் போட்டுப் பூட்டியது. காசு கொடுப்பவர் மூன்றையும் பார்க்கலாம், ஒன்றையும் மாற்ற முடியாது. விவசாயிக்குக் கொடுக்கும் சீட்டில் மூன்று எண்களும், அவற்றைப் பதிந்த மூன்று பெயர்களும் அச்சாக வேண்டும். பெயர் அச்சாகும் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் கேள்வி கேட்கலாம் என்பதே பதிபவரைக் கவனமாக இருக்க வைக்கும்.

ரத்தான பில்

சில்லறைக் கடையில் காசு போகும் வழிகளில் ஆகப் பொதுவானது இதுதான். உதாரணத்துக்கு நடவடிக்கைப் பதிவேட்டில் மூன்று வரிகள்:

18.42 – பில் 20417 – அச்சிடப்பட்டது – ரொக்கம் 8,650
18.51 – பில் 20417 – ரத்து – காரணம்: பிழை
18.52 – லாச்சி திறப்பு – விற்பனை இல்லை

வாடிக்கையாளர் காசைக் கொடுத்து, பில்லையும் சாமானையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்பது நிமிடம் கழித்து பில் ரத்தாகிறது. லாச்சியிலிருந்து 8,650 ரூபாய் வெளியே. இரவு எண்ணும்போது காசும் கணினியும் அழகாகப் பொருந்தும், ஏனென்றால் அந்த விற்பனையே கணக்கில் இல்லை. கணினி சாமானைத் திரும்பக் கையிருப்பில் சேர்த்துவிட்டது. ஆனால் தட்டில் சாமான் இல்லை. ஆண்டு இறுதியில் எண்ணும்போதுதான் குறை தெரியும், அப்போது யார் மீதும் விரல் நீட்ட முடியாது.

அதே மூன்று வரிகள் உண்மையான பிழையாலும் வரலாம் என்பதை மறக்கவேண்டாம். வாடிக்கையாளர் வாசல் வரை போய், “தங்கச்சி, அரை இஞ்சி இல்ல, முக்கால் இஞ்சிதான் வேணும்” என்று திரும்பி வந்தால் பில் ரத்தாகத்தான் வேண்டும். வேறுபாடு அடுத்த வரியில் இருக்கும்: உண்மையான பிழை என்றால் ஓரிரு நிமிடத்தில் அதே சாமான் வகையில் புதுப் பில் ஒன்று விழும். திருட்டு என்றால் விழாது.

அமைப்பு இப்படி இருக்கட்டும். அச்சான பில்லை அழிக்கும் வழி யாருக்கும் வேண்டாம், முதலாளிக்கும்கூட. ரத்துச் செய்யலாம், ஆனால் இலக்கம் வரிசையில் நிற்க வேண்டும். ரத்துக்கு இரண்டாவது ஆளின் பின் (PIN) இலக்கம் வேண்டும். அசல் பில்லை வாங்கிக் கம்பியில் குத்தி வைக்க வேண்டும். இரண்டாவது தரம் அச்சிடும் பில்லில் ‘நகல்’ என்று விழ வேண்டும். காரணம் தெரிவதற்கு ‘பிழை’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காமல் நான்கைந்து காரணங்களைப் பட்டியலாகக் கொடுத்து ஒன்றைத் தெரிய வையுங்கள். கழிவுக்கும் எல்லை போடுங்கள்: காசாளர் 3 வீதம், மேற்பார்வையாளர் 7 வீதம், அதற்கு மேல் முதலாளி என்பதைப்போல. எண்கள் உங்கள் வியாபாரத்தைப் பொறுத்தவை. எல்லையை மிக இறுக்கினால் மேற்பார்வையாளர் தன் பின் இலக்கத்தைக் காசாளரிடமே சொல்லிவிடுவார். அதன் பிறகு அந்த எல்லை இருந்தும் பயனில்லை.

இரவு காசு எண்ணுவதிலும் ஒரு சின்ன மாற்றம் பெரிய வேலை செய்யும். ‘லாச்சியில் இவ்வளவு இருக்க வேண்டும்’ என்று கணினி முதலில் காட்டக் கூடாது. காசாளர் எண்ணி, 5,000 தாள் எத்தனை, 1,000 தாள் எத்தனை என்று பதிந்த பிறகுதான் வித்தியாசம் தெரிய வேண்டும். முதலில் தொகையைக் காட்டினால் மிச்சக் காசு வந்த நாட்களில் அது சத்தமில்லாமல் சட்டைப் பைக்குப் போய், குறைந்த நாளுக்கு ஈடு கட்டப்படும். நல்ல எண்ணத்தோடு செய்கிறவர்களும் உண்டு. ஆனால் உண்மையான பிழை எங்கே என்பது மறைந்துவிடும்.

பின் இலக்கமும் பாஸ்வேர்டும்

தீபாவளிக்கு முதல் நாள் பின்னேரம் கவுன்டருக்கு முன்னால் இருபது பேர் நிற்கும்போது, வெளியேறி உள்நுழைய இருபது விநாடி எடுக்கும் என்றால் எவரும் பெயர் மாற்ற மாட்டார்கள். பூட்டு கையைக் கடித்தால் கதவைக் கல் வைத்துத் திறந்தே வைப்பார்கள். அதனால் கவுன்டர் கணினியில் மட்டும் செல்லுபடியாகும் நான்கு அல்லது ஆறு இலக்கப் பின் போதும். பிறந்த ஆண்டு, போன் இலக்கத்தின் கடைசி நான்கு, கடையின் இலக்கம் ஆகியவற்றைத் தடுத்துவிடுங்கள். ஒரே கவுன்டரை இரண்டு மூன்று பேர் மாறிமாறிப் பாவித்தால் ஒவ்வொரு பில்லுக்குப் பிறகும் பின் கேட்கட்டும். தனி ஆள் என்றால் இரண்டு நிமிடம் சும்மா கிடந்ததும் பூட்டட்டும். கைரேகை நல்லதுதான், ஆனால் சீமெந்து, சுண்ணாம்பு, மீன் ஐஸ் தொட்ட கையை அது அடிக்கடி மறுக்கும். அப்படியான இடங்களில் தேய்க்கும் அட்டை நல்லது.

கணக்கு, முதலாளி, அட்மின் பெயர்களுக்குப் பின் இலக்கம் போதாது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைக் கோத்த நீளமான பாஸ்வேர்டே நல்லது. மாதா மாதம் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் கடைசி எழுத்தில் 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டு போவார்கள். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் (NIST) 2017 வழிகாட்டலிலேயே காரணமில்லாத காலமுறை மாற்றம் வேண்டாம் என்றுவிட்டது. ஆள் மாறினால், கசிந்ததாகச் சந்தேகம் வந்தால், அன்றே மாற்றுங்கள்.

முதலாளி கட்டாரிலோ சவூதியிலோ இருந்து போனில் கணக்குப் பார்க்கும் கடைகள் இங்கே நிறைய. அவருக்கு அறிக்கை பார்க்க மட்டும் முடிகிற ஒரு தனிப் பெயரைக் கொடுங்கள். அட்மின் பெயரைப் போனில் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம். இரண்டாம் படிச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ்ஸை நம்பினால் வெளிநாட்டில் இலங்கை சிம் வேலை செய்யாத நாளில் மாட்டிக்கொள்வார். அதனால் ‘முகாமையாளரின் போனுக்கே கோட் வரட்டும்’ என்று விடுவார்கள், பிறகு அந்தச் சரிபார்ப்புக்கு அர்த்தமில்லை. போனிலேயே 30 விநாடிக்கொருமுறை கோட் உருவாக்கும் செயலிக்கு சிக்னலே தேவையில்லை. போனின் நேரம் சரியாக இருந்தால் போதும். போன் தொலைந்தால் பாவிக்கக் கொடுக்கும் மாற்றுக் கோட்களை அச்சிட்டு, உறையில் போட்டு ஒட்டி, இரும்பு அலுமாரியில் வையுங்கள்.

பின் கதவு

மென்பொருளுக்குள் இவ்வளவு பூட்டுப் போட்ட பிறகு ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். காசாளரின் கணினியில் காசாளரின் வின்டோஸ் பெயரில் இருந்தபடியே நெட்வேர்க்கைத் திறந்து, சேர்வர் கணினியின் பகிர்ந்த கோப்புறைக்குள் போங்கள். தரவுக் கோப்பைப் பிடித்து டெஸ்க்டொப்பில் போடுங்கள். அது நகலானால், உங்கள் கொள்விலை, லாபம், பற்றுக்காரர் பட்டியல் எல்லாம் ஒரு பென்டிரைவ் தூரத்தில் இருக்கின்றன. மென்பொருளின் பதிவேட்டில் இதற்கு ஒரு வரிகூட விழாது, ஏனென்றால் மென்பொருளைத் திறக்கவே இல்லை.

இது எப்படி வருகிறது? பொருத்தும் நாளில் கவுன்டர் கணினி சேர்வரோடு இணையவில்லை. அவசரத்தில் முழுக் கோப்புறையையும் ‘எவ்ரிவன், ஃபுல் கன்ட்ரோல்’, அதாவது யாரும் எதையும் செய்யலாம் என்று திறந்துவிடுகிறோம். வேலை ஓடியதும் மறந்துவிடுகிறோம். இதில் எங்கள் தொழில்காரரின் பிழைதான் அதிகம். தரவுத்தள சேர்வரில் ஓடும் மென்பொருளுக்குக் கோப்புறைப் பகிர்வு தேவையே இல்லை, எடுத்துவிடலாம். பழைய அக்செஸ் கோப்பில் ஓடும் மென்பொருள் என்றால் பகிர்வை எடுத்தால் நின்றுவிடும். அங்கே யூஎஸ்பி சேமிப்பை முடக்குவது இடைக்கால வழி, சேர்வர் வடிவத்துக்கு மாறுவதுதான் நிரந்தர வழி.

அடுத்து, எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தளத்தில் எல்லா உரிமையும் உள்ள ‘எஸ்ஏ’ கணக்கு. பொருத்துபவர்கள் பல கடைகளுக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டுவிடுவது உண்டு. ஒரு கடையில் தெரிந்தால் எல்லாக் கடையும் திறந்த கடை. மாற்றச் சொல்லுங்கள், ஆனால் கடை சாத்திய பிறகு: ஒவ்வொரு கவுன்டரின் இணைப்பு அமைப்பிலும் புது விபரத்தைப் போடாவிட்டால் காலையில் ஒரு பில்லும் போட முடியாது. மென்பொருள் ‘எஸ்ஏ’ பெயரில் இணையாமல் உரிமை குறைந்த தனிக் கணக்கில் இணைவதே முறை.

ஊழியர்களின் வின்டோஸ் பெயர் அட்மினாக இருக்கக் கூடாது. இருந்தால் கணினியின் திகதியை மாற்றி நேற்றைய திகதியில் இன்று பில் போடலாம். பில்லின் நேரத்தை சேர்வரிலிருந்து எடுக்கும்படி அமைத்து, முடிந்த மாதத்தைப் பூட்டிவிடுங்கள்; குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளில் முடிவுத் திகதியைப் போட்டு அதற்குத் தனிப் பாஸ்வேர்ட் வைக்கலாம். டாலி கணக்கு மென்பொருளில் டாலிவோல்ட் என்ற பூட்டைப் போட்டால் தரவு குறியாக்கப்படும், ஆனால் அந்தப் பாஸ்வேர்ட் மறந்தால் மீட்க வழி கிடையாது. அதையும் மாற்றுக் கோட்கள் உள்ள அந்த உறைக்குள் வையுங்கள்.

தொலைவிலிருந்து உதவி செய்ய எனிடெஸ்க் போடுகிறோம். நிரந்தரப் பாஸ்வேர்ட் வைத்தால் எங்கள் அலுவலகத்தை விட்டுப் போன ஆளும் உள்ளே வரலாம். கூப்பிட்டபோது மட்டும் அனுமதி கொடுங்கள், முடியும்வரை திரைக்கு முன்னால் இருங்கள், முடிந்ததும் மூடுங்கள். வின்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் வழியான 3389 ஆம் போர்ட்டை ரூட்டரில் வெளியே திறந்து வைத்திருந்தால் இன்றே மூடுங்கள். தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயர்காரர்கள் இணையம் முழுதும் தேடித் தட்டும் கதவு அது. வின்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. இன்னும் அதில் ஓடும் கவுன்டர்களை மாற்றும் திட்டம் வேண்டும்.

எக்செலுக்கு எடுக்கும் உரிமையை இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். நகைக் கடை, அடகுக் கடைகளில் அடையாள அட்டை இலக்கம், விலாசம், போன், எவ்வளவு பவுண் வைத்தார் என்பது வரை இருக்கிறது. அந்தப் பட்டியல் கசிந்தால் ஆபத்து அந்தக் குடும்பத்துக்கு. தனிப்பட்ட தரவுக்கென்றே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவதை 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் நுழைந்தவர் யார் என்று காட்ட உங்கள் பதிவில் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும், ‘கவுன்டர்’ என்ற சொல் போதாது.

ஆள் விலகும் நாள்

சண்டை பிடித்துப் போனாலும் சந்தோசமாகப் போனாலும் செய்வது ஒன்றே. கடைசிச் சம்பளம் கொடுக்கும் அந்த மணித்தியாலத்துக்குள் யூசரை முடக்குங்கள். அழிக்க வேண்டாம், அழித்தால் சில மென்பொருளில் அவர் போட்ட பழைய பில்களில் பெயர் வெறுமையாகிவிடும். பிறகு வைஃபை பாஸ்வேர்ட், கடை மின்னஞ்சல், வட்ஸ்அப் குழு, எனிடெஸ்க், சிசிடிவி செயலி, களஞ்சியத் திறப்பு. வங்கியின் ஓடிபி போகும் இலக்கத்தை மாற்ற மறந்துவிடுவார்கள். கடையின் இலக்கம் என்று பத்து வருடமாகப் போர்டில் எழுதியிருக்கும் சிம், விலகிய கணக்கப்பிள்ளையின் அடையாள அட்டையில் பதிவாகியிருந்தால், அது அவருடைய சிம். நல்லுறவு இருக்கும்போதே மாற்றி எடுங்கள்.

பெக்கப்: வாவிக்கும் கடலுக்கும் நடுவில்

மூன்று நகல், இரண்டு விதமான ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய விதி. இங்கே ‘வேறு இடம்’ என்ற சொல்லை யோசித்துப் பாவிக்க வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் சுனாமியையும் கண்ட கரை இது. வடகீழ்ப் பருவ மழைக்கு வருடா வருடம் வெள்ளம் வருகிற பூமி. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிலோமீற்றர்தான், இரண்டும் தாழ்ந்த நிலம் என்றால் அது ஒரே இடம். ஒரு நகல் குறியாக்கத்தோடு இணையச் சேமிப்பில் இருக்கட்டும். வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, கிழமைக்கொன்றாக மாற்றி மாற்றிச் செருகுங்கள். எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க்கை ரான்சம்வெயர் சேர்த்தே பூட்டிவிடும். டிஸ்க்கும் வின்டோஸின் பிட்லொக்கர் போன்ற குறியாக்கம் ஒன்றால் பூட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேசையில் கிடக்கும் பெக்கப்பே கசிவு.

மூன்று மாதத்துக்கொருமுறை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். திறக்கிறதா என்பதோடு நிறுத்த வேண்டாம்: கடைசிப் பில் இலக்கம், பற்றுக்காரர் மொத்த நிலுவை, ஏதாவது பத்துச் சாமானின் கையிருப்பு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று எழுதி வையுங்கள். பெக்கப் மாதக்கணக்காக ‘வெற்றி’ என்று காட்டிக்கொண்டு பழைய, ஓடாத கொம்பனிக் கோப்புறையை எடுத்துக்கொண்டிருப்பது இந்தச் சோதனையில்தான் பிடிபடும்.

கிழமைக்கு இருபது நிமிடம்

பதிவேடு இருந்து, படிக்க ஆளில்லாவிட்டால் பயனில்லை. முழுவதையும் படிக்கவும் தேவையில்லை. ரத்தான ரொக்கப் பில்கள், எல்லையைத் தொட்ட கழிவுகள், விலை மாற்றங்கள், விற்பனையில்லாத லாச்சித் திறப்புகள், கடை சாத்திய பிறகு நடந்த உள்நுழைவுகள், கையிருப்புத் திருத்தங்கள். இந்த ஆறும் போதும். பதிவேட்டை அழிக்கும் உரிமை அட்மினிடமும் இருக்கக் கூடாது. மென்பொருள் அதற்கு இடம் கொடுத்தால், ஒவ்வொரு நாளும் பதிவேட்டின் பிரதி முதலாளியின் மின்னஞ்சலுக்குத் தானாகப் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மாத முடிவில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் விழுந்த ரத்துகளையும் கழிவுகளையும் மட்டும் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். அவர் வாசித்து, தன்னுடையது என்று ஒப்பமிடட்டும். குரலை உயர்த்த வேண்டாம், எல்லோருக்கும் முன்னால் கேட்கவும் வேண்டாம். “இந்த வரி நான் செஞ்சதில்ல, அண்டைக்கு நான் லீவு” என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த வரியையும் லீவுப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவள் சொன்னது சரியென்றால் அந்தத் தாளில் அதை எழுதி நீங்களும் ஒப்பமிட்டு, அந்த இடத்திலேயே அவளுக்குப் புதுப் பின் இலக்கம் போட்டுக் கொடுங்கள்.